சிறிய விமானத்தில் ஆக்சிஜன் சிலிண்டர் எப்படி வேலை செய்கிறது? மகள் மலைக்கு மேல் பறக்கப் போகிறாள், விளக்கம் வேண்டும்

கேள்வி: மார்த்தாண்டம் பட்டறை

அனைவருக்கும் வணக்கம். நான் மார்த்தாண்டத்தில் 26 ஆண்டுகளாக கேஸ் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். என் மூத்த மகள் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் விமானிப் பயிற்சியில் இருக்கிறாள். இதுவரை சமவெளியின் மேலேயே பறந்துவந்தவள், இன்னும் பத்து நாளில் பயிற்சியாளருடன் ராக்கி மலைத்தொடரைக் கடந்து மறுபக்கம் போய்த் திரும்பப் போகிறாள். செஸ்னா 182 என்னும் நான்கு இருக்கை விமானம். மலை முகடுகளுக்கு மேலே போதிய இடைவெளி வேண்டும் என்பதால் 13,000 அடி உயரத்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக இருக்க வேண்டியிருக்கும் என்றும், அப்போது இருவரும் மூக்கில் ஆக்சிஜன் குழாய் மாட்டிக்கொள்வார்கள் என்றும் சொன்னாள்.

அவள் அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன் இருக்கையின் முதுகில் துணிப் பைக்குள் தொங்கும் ஒரு பச்சை நிறச் சிலிண்டர், அதன் தலையில் ரெகுலேட்டரும் ஒரே ஒரு கேஜும், அதிலிருந்து பிரியும் இரண்டு மெல்லிய குழாய்கள். ஒவ்வொரு குழாயின் நடுவிலும் விரல் நீளத்துக்கு ஒரு தெளிந்த பிளாஸ்டிக் குழல் இருக்கிறது. அதனுள் மிளகு அளவில் ஒரு குண்டு கிடக்கிறது. இவ்வளவுதான் மொத்தச் சாதனமும்.

ஆக்சிஜன் எனக்குப் புதியதல்ல. அதனால்தான் பயமும் அதிகம். பல ஆண்டுகளுக்கு முன் என் பட்டறையில் வேலைக்கு வந்த பையன் ஒருவன், ரெகுலேட்டரின் பித்தளை நட்டு இறுக்கமாக இருக்கிறதே என்று அதன் மரையில் ஒரு விரல் கிரீஸைத் தடவிவிட்டான். வால்வைத் திறந்த மறுகணம் பட்டாசு வெடித்தது போன்ற சத்தமும் நீல வெளிச்சமும் வந்தன. அவனுடைய புருவமும் முன்னெற்றி முடியும் கருகின. கடவுள் புண்ணியத்தில் கண் தப்பியது. அந்த நட்டு இன்றும் என் மேசை டிராயரில் கிடக்கிறது. அதன் மரை பாதி உருகி, மெழுகு வழிந்தது போல இருக்கும். அப்படிப்பட்ட ஒரு சிலிண்டரை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு என் மகள் பறக்கப் போகிறாள் என்பதை நினைத்தால் இரவில் தூக்கம் வரவில்லை.

என் ஐயங்கள் இவை. நாம் போகும் பெரிய விமானங்களில் குழாய் எதுவும் மாட்டாமல்தானே உட்கார்ந்திருக்கிறோம், சிறிய விமானத்துக்கு மட்டும் ஏன் இது? அந்தக் குண்டு எதைக் காட்டுகிறது? பட்டறை ஆக்சிஜனுக்கும் இதற்கும் என்ன வேறுபாடு? எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று: அவளுடன் படிக்கும் ஒருவர், “எப்போதும் மாட்டியிருக்க வேண்டியதில்லை, மூச்சு முட்டுவது போலத் தோன்றினால் அப்போது திறந்துகொண்டால் போதும்” என்று அவளிடம் சொல்லியிருக்கிறார். இது சரியா?

பதில்: தக்கலை, ஓய்வுபெற்ற விமானப்படை டெக்னீஷியன்

தம்பி, உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அது சரியே அல்ல. இன்றைக்கே மகளைத் தொலைபேசியில் அழைத்து, அந்த ஆலோசனையை மறந்துவிடச் சொல்லுங்கள்.

மூச்சு முட்டுகிறது என்று நமக்குத் தோன்றுவது ஆக்சிஜன் குறைவதால் அல்ல; உடலுக்குள் கார்பன் டை ஆக்சைடு தேங்குவதால். கிணற்றில் மூழ்கி மூச்சை அடக்கும்போது நெஞ்சு வெடிப்பது போல இருக்கிறதே, அது அந்த வாயு வெளியேற வழியில்லாமல் சேர்வதால் வரும் தவிப்பு. உயரத்தில் பறப்பவருக்கு மூச்சு தாராளமாக வந்து போய்க்கொண்டிருக்கிறது, கார்பன் டை ஆக்சைடும் முறையாக வெளியேறிக்கொண்டிருக்கிறது. உள்ளே போகும் ஆக்சிஜன் மட்டும் போதாமல் இருக்கிறது. அதனால் தவிப்பே வராது. மாறாக, பலருக்கு ஒரு மிதப்பான மகிழ்ச்சியும், எல்லாம் நன்றாகவே நடக்கிறது என்ற உறுதியும் வரும். ஆக்சிஜன் போதாத மூளைதான் “எனக்கு ஆக்சிஜன் போதுமா?” என்ற கேள்விக்கும் விடை சொல்ல வேண்டியிருக்கிறது; அந்த விடையை எப்படி நம்புவது?

நான் விமானப்படையில் இருந்தபோது, விமானிகளைக் காற்றழுத்தம் குறைக்கும் அறையில் உட்கார வைத்துப் பயிற்சி கொடுப்பார்கள். முகமூடியைக் கழற்றிவிட்டு, கையில் ஒரு தாளைக் கொடுத்து, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழித்து எழுதச் சொல்வார்கள். நண்பர் ஒருவர் தம்முடைய தாளை எனக்குக் காட்டினார். முதல் நான்கு வரிகள் முத்து முத்தாக இருந்தன. ஐந்தாவது வரியில் கணக்கு பிழைத்தது. அதற்குப் பிறகு எண்கள் கோட்டை விட்டு இறங்கிச் சரிந்து, கடைசியில் ஒரே எண்ணை மூன்று முறை எழுதியிருந்தார். “எழுதும்போது எல்லாம் சரியாக எழுதுகிறேன் என்றுதான் நினைத்தேன், முகமூடியை மாட்டிய பிறகு தாளைப் பார்த்துத்தான் நம்பினேன்” என்றார். அதனால்தான் ஆக்சிஜனை உணர்வை வைத்துத் திறப்பதில்லை, உயரமானியின் எண்ணை வைத்துத் திறக்கிறோம்.

இனி உயரத்துக்கு வருகிறேன். மேலே போனால் காற்றில் ஆக்சிஜனின் விகிதம் குறைகிறது என்று பலர் நினைக்கிறார்கள். கன்னியாகுமரிக் கடற்கரையிலும் சரி, 30,000 அடியிலும் சரி, விகிதம் அதே ஏறத்தாழ 21 விழுக்காடுதான். குறைவது காற்றின் அழுத்தம். கடல் மட்டத்தில் 760 மில்லிமீட்டர் பாதரசமாக இருக்கும் அழுத்தம், 18,000 அடியில் பாதியாகிவிடும். நுரையீரலிலிருந்து இரத்தத்துக்குள் ஆக்சிஜனைத் தள்ளுவது அந்த அழுத்தமே என்பதால், அது குறையும்போது ஒவ்வொரு மூச்சிலும் இரத்தத்துக்குள் ஏறும் ஆக்சிஜன் குறைகிறது. நம் தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான், அதாவது ஏறத்தாழ 8,650 அடி. ஆகையால் நம் ஊர்க்காரர்களுக்கு இந்தக் குறைவை உடலால் அறிய வாய்ப்பே இல்லை. நான் முதன்முதலில் லே விமானநிலையத்தில் இறங்கியபோது, அது 10,600 அடிக்கு மேல், இரண்டு நாள் கட்டிலை விட்டு இறங்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். குளியலறைக்கு நடந்து போய்த் திரும்பியதற்கே தலை கனத்தது.

எந்த உயரத்தில் எவ்வளவு நேரம் ஒருவர் தன் வேலையைச் சரியாகச் செய்யும் நிலையில் இருப்பார் என்பதற்குக் கணக்கு உண்டு. 18,000 அடியில் இருபது முதல் முப்பது நிமிடம். 25,000 அடியில் மூன்று முதல் ஐந்து நிமிடம். 35,000 அடியில் அரை நிமிடம் முதல் ஒரு நிமிடம் வரைதான். உங்கள் மகள் போகும் 13,000 அடியில் மயக்கம் வராது. ஆனால் கணக்குப் போடுவதிலும், வரைபடம் பார்ப்பதிலும், தீர்மானம் எடுப்பதிலும் மெல்ல மெல்லத் தவறு புகும். மலைகளுக்கு நடுவே அந்தத் தவறு போதும்.

அமெரிக்க விதி இதற்குத் தெளிவாக இருக்கிறது. 12,500 அடிக்கு மேல் 14,000 அடி வரை முப்பது நிமிடத்துக்கு மேல் இருந்தால் விமானி ஆக்சிஜன் எடுத்தே ஆக வேண்டும். 14,000 அடிக்கு மேல் முழு நேரமும் எடுக்க வேண்டும். 15,000 அடிக்கு மேல் பயணிகள் எல்லோருக்கும் அது கிடைக்கும்படி வைத்திருக்க வேண்டும். இது சட்டம் சொல்லும் குறைந்த அளவு. பகலில் 10,000 அடியிலிருந்தும், இரவில் 5,000 அடியிலிருந்தும் எடுப்பது நல்லது என்று அந்நாட்டு விமானத்துறையே பரிந்துரைக்கிறது. இரவுக்கு ஏன் அவ்வளவு கீழே என்றால், இருட்டில் பார்க்க உதவும் விழித்திரைக்கு ஆக்சிஜன் மிக அதிகமாகத் தேவை, குறைந்தால் முதலில் மங்குவது அதுதான்.

பெரிய விமானங்களில் ஏன் குழாய் இல்லை என்று கேட்டீர்கள். எஞ்சினிலிருந்து எடுத்த காற்றை விமானத்தின் உடலுக்குள் அழுத்தி நிரப்புகிறார்கள். வெளியே 35,000 அடி என்றாலும் உள்ளே ஏறத்தாழ 8,000 அடிக்குள் வைத்திருக்கிறார்கள். அப்படி அழுத்தம் தாங்க வேண்டுமானால் விமானத்தின் உடலே ஒரு பெரிய சிலிண்டரைப் போலக் கட்டப்பட்டிருக்க வேண்டும். செஸ்னா 182 அப்படிப்பட்டதல்ல; அதன் கதவு இடுக்கில் காற்று போய்வரும். நம் கடற்கரைக்கு மேல் கடலோரக் காவல்படை பறக்கவிடும் டோர்னியர் விமானமும் அழுத்தம் இல்லாததுதான். 2017-ல் ஒக்கிப் புயலுக்குப் பிறகு நம் மீனவர்களைத் தேடியபோது அது கடலுக்கு மிக அருகே தாழ்வாகப் பறந்ததால் ஆக்சிஜனுக்குத் தேவையே இருக்கவில்லை. சியாச்சின் பக்கம் பறக்கும் சீட்டா ஹெலிகாப்டர்களின் கதை வேறு; அவற்றிலும் அறை அழுத்தம் கிடையாது, அங்கே ஆக்சிஜன் இல்லாமல் விமானி வேலை செய்ய முடியாது.

இப்போது நீங்கள் படத்தில் பார்த்த சாதனம். சிலிண்டருக்குள் ஏறத்தாழ 1,800 முதல் 2,200 பி.எஸ்.ஐ. வரை அழுத்தம் இருக்கும், நம் கேஜ் கணக்கில் சதுர சென்டிமீட்டருக்கு 126 முதல் 155 கிலோ. ரெகுலேட்டர் அதைக் குறைத்துச் சீரான சிறு அழுத்தமாக்குகிறது; அதற்கு மேல் உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை, உங்கள் பட்டறையில் இருப்பதன் தம்பிதான் அது. குழாயின் நடுவே இருக்கும் குழல்தான் ஓட்டமானி. உள்ளே ஆக்சிஜன் மேல்நோக்கி ஓடும்போது குண்டை ஏந்திப் பிடிக்கிறது. ஓட்டம் கூடினால் குண்டு உயரும், குறைந்தால் இறங்கும். நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று எழுதாமல், பல ஓட்டமானிகளில் நேரடியாக உயரத்தையே ஆயிரம் அடிக் கணக்கில் எழுதியிருப்பார்கள். 13,000 அடியில் பறந்தால் குண்டின் நடுப்பகுதி 13-க்கு நேரே நிற்கும்படி சிறு குமிழைத் திருக வேண்டும், அவ்வளவுதான். குழலைச் செங்குத்தாகப் பிடித்துப் பார்க்க வேண்டும் என்பது மட்டும் முக்கியம். சாய்த்துப் பிடித்தால் குண்டு பொய் சொல்லும். சாதாரண மூக்குக் குழாய்க்குப் பொதுக் கணக்கு, ஒவ்வொரு 10,000 அடிக்கும் நிமிடத்துக்கு ஒரு லிட்டர். 13,000 அடிக்கு 1.3 லிட்டர்.

இந்த வகைக்குத் தொடர் ஓட்டம் என்று பெயர். நீங்கள் மூச்சை இழுத்தாலும் விட்டாலும் ஆக்சிஜன் வந்துகொண்டே இருக்கும். மூக்குக் குழாயை 18,000 அடி வரைதான் அனுமதிக்கிறார்கள். அதற்கு மேல் 25,000 அடி வரை பை தொங்கும் முகமூடி. இன்னும் மேலே போகிறவர்களுக்கு, மூச்சை இழுக்கும்போது மட்டும் திறக்கும் முகமூடி உண்டு. அதன் ரெகுலேட்டருக்குள் ஒரு மூடிய உலோகப் பெட்டி இருக்கும், வெளியழுத்தம் குறையக் குறைய அது உப்பி, அறைக் காற்று வரும் வழியை மூடி, ஆக்சிஜனின் பங்கைக் கூட்டும். 40,000 அடிக்கு மேலே தூய ஆக்சிஜனே போதாது, அழுத்தித் தள்ள வேண்டும். அது போர் விமானங்களின் உலகம். அவற்றில் திரவ ஆக்சிஜனும் பயன்படுத்துவார்கள், நம் பக்கத்து மகேந்திரகிரியில் ராக்கெட் எஞ்சின் சோதனைக்குப் பயன்படுத்துகிறார்களே, அதே மைனஸ் 183 டிகிரிப் பொருள். சும்மா நின்றாலே ஆவியாகிப் போய்விடும் என்பதால் சிறு விமானங்களுக்கு அது ஒத்துவராது.

உங்கள் கிரீஸ் சம்பவம் மகளுக்குக் கண்டிப்பாகத் தெரிய வேண்டும். அவளுக்கு வீட்டிலிருந்து தேங்காய் எண்ணெய் அனுப்புகிறீர்கள் என்றால், தலையில் தேய்த்த கையோடு சிலிண்டர் வால்வையோ ரெகுலேட்டரையோ தொடவே கூடாது. மலைக் குளிரில் உதடு வெடிக்கும் என்று வாசலின் போன்ற பெட்ரோலியக் களிம்பைப் பூசிக்கொண்டு குழாயை மாட்டுவதும் கூடாது. தண்ணீர் சார்ந்த களிம்பு கிடைக்கும், அதை வாங்கட்டும். வால்வை மெல்லத் திறக்க வேண்டும். சடாரென்று திறந்தால் ரெகுலேட்டரின் வாயில் வாயு ஒரே நொடியில் அழுந்திச் சூடேறும். அங்கே துளி எண்ணெய் இருந்தால் அந்தச் சூடே பற்றவைக்கும். அன்று உங்கள் பட்டறைப் பையனுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான்.

பதில்: நாகர்கோவில் செவிலியர், தீவிர சிகிச்சைப் பிரிவு

அண்ணன், பெரியவர் விமானத்தின் பக்கத்தை விளக்கிவிட்டார். உடலின் பக்கத்திலிருந்து சிலவற்றை நான் சொல்கிறேன். மகளைப் பற்றிய உங்கள் கவலை எனக்குப் புரிகிறது, அதனால் கணக்கோடு சொல்கிறேன்.

நிமிடத்துக்கு 1.3 லிட்டர் என்பது பார்வைக்கு மிகக் குறைவாகத் தெரியும். நாங்கள் மருத்துவமனையில் பயன்படுத்தும் பொதுக் கணக்குப்படி, மூக்குக் குழாயில் கொடுக்கும் ஒவ்வொரு லிட்டரும், உள்ளே போகும் காற்றில் ஆக்சிஜனின் பங்கை ஏறத்தாழ நான்கு விழுக்காடு கூட்டுகிறது. அப்படியென்றால் 1.3 லிட்டரில் பங்கு 21-லிருந்து ஏறத்தாழ 26 ஆகிறது. 13,000 அடியில் காற்றழுத்தம் ஏறத்தாழ 464 மில்லிமீட்டர். மூச்சுக்குழாய்க்குள் காற்று ஈரமாகும்போது நீராவி 47 மில்லிமீட்டரை எடுத்துக்கொள்கிறது, மீதி 417. அதில் 26 விழுக்காடு என்றால் 108. வெறும் காற்றில் இதே அளவு ஆக்சிஜன் அழுத்தம் ஏறத்தாழ 8,000 அடியில் கிடைக்கும். பெரியவர் சொன்ன பெரிய விமானத்தின் உள்ளறை உயரமும் அதேதான் என்பதைக் கவனியுங்கள். அந்தச் சின்னக் குழாய் உங்கள் மகளை ஐயாயிரம் அடி கீழே இறக்கி உட்கார வைக்கிறது. இதே கணக்கை 18,000 அடிக்குப் போட்டுப் பார்த்தால், குழாய் மாட்டியும் ஏறத்தாழ 11,500 அடியில் இருப்பது போலத்தான் வரும். மூக்குக் குழாய்க்கு அங்கே எல்லை வைத்ததன் நியாயம் அதில் தெரிகிறது.

பட்டறை ஆக்சிஜன் பற்றிக் கேட்டீர்கள். காற்றைக் குளிர்வித்துத் திரவமாக்கிப் பிரிக்கும் ஆலையில் எல்லா ஆக்சிஜனும் ஒன்றாகத்தான் பிறக்கிறது. வேறுபாடு அதற்குப் பிறகு வருகிறது. பட்டறைச் சிலிண்டருக்குள் பின்னோக்கிப் புகுந்த வேறு வாயுவோ, அழுக்கோ, துருவோ இருக்கிறதா என்று மூச்சுக்குத் தகுந்த அளவில் யாரும் சோதிப்பதில்லை. மருத்துவச் சிலிண்டரில் அந்தச் சோதனை உண்டு. விமான ஆக்சிஜனுக்கு அதோடு கூடுதலாக ஈரத்தின் அளவுக்கும் கடுமையான வரம்பு உண்டு, தூய்மை 99.5 விழுக்காடு, ஈரம் லிட்டருக்கு 0.005 மில்லிகிராமுக்கு மேல் கூடாது. 13,000 அடியில் வெளியே வெப்பநிலை சாதாரணமாகவே மைனஸ் 11 டிகிரி இருக்கும். வாயு ரெகுலேட்டரில் விரியும்போது இன்னும் குளிரும். ஈரம் இருந்தால் அந்த நுண்ணிய துளையில் பனியாக உறைந்து வழியை அடைத்துவிடும். சிலிண்டரை முற்றிலும் காலியாக்காமல் கொஞ்சம் அழுத்தத்தை விட்டுவைப்பதும் வெளியீரம் உள்ளே புகாமல் இருக்கத்தான். எங்கள் படுக்கையோரத்தில் குமிழியிடும் தண்ணீர்ப் பாட்டிலை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான்கு லிட்டருக்குக் கீழ் ஓடும் ஆக்சிஜனுக்கு அது தேவையில்லை, மூக்கே ஈரப்படுத்திக்கொள்ளும். மகளுக்கு மூக்கு கொஞ்சம் வறண்டால் பயப்பட வேண்டாம்.

இரத்தத்தில் ஆக்சிஜன் எத்தனை விழுக்காடு என்று காட்டும், விரலில் மாட்டும் பல்ஸ் ஆக்சிமீட்டர் ஒன்று அவளிடம் கட்டாயம் இருக்கட்டும். கொரோனாக் காலத்தில் நம் வீடுகளில் வாங்கி வைத்தோமே, அதுதான். அதன் அடிப்படைக் கொள்கையை 1974-ல் ஜப்பானியப் பொறியாளர் தகுவோ அவோயாகி கண்டறிந்தார். எங்கள் பிரிவில் அது இல்லாமல் ஒரு நாள்கூட ஓடாது. பத்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்த்து, 90-க்குக் கீழே இறங்கினால் ஓட்டத்தைக் கூட்டவோ உயரத்தைக் குறைக்கவோ வேண்டும். விரல் குளிர்ந்திருந்தாலோ நகப்பூச்சு இருந்தாலோ எண் தவறும், ஆகையால் கையைத் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எஞ்சின் புகைக்குழாயில் விரிசல் இருந்து ஹீட்டர் வழியாக கார்பன் மோனாக்சைடு உள்ளே வந்தால், இந்தக் கருவி அதையும் ஆக்சிஜன் என்றே எண்ணி நல்ல எண்ணைக் காட்டும். அதற்குத் தனி உணர்கருவி விமானத்தில் இருக்கிறதா என்று அவள் கேட்டுக்கொள்ளட்டும்.

சளி பிடித்து மூக்கு அடைத்திருந்தால் அன்று மூக்குக் குழாய் பயன்படாது. அந்த நாளில் பறக்க வேண்டாம் என்றே சொல்வேன்.

மறுகேள்வி: மார்த்தாண்டம் பட்டறை

ஐயாவுக்கும் தங்கைக்கும் மிகுந்த நன்றி. இரண்டு பதில்களையும் மனைவிக்குப் படித்துக் காட்டினேன், மகளுக்கும் அனுப்பிவிட்டேன். கார்பன் டை ஆக்சைடைப் பற்றி ஐயா சொன்னதை அவளே முன்பு வகுப்பில் படித்திருக்கிறாளாம், ஆனாலும் கூடப் படிப்பவர் சொன்னபோது அது நினைவுக்கு வரவில்லை என்றாள். ஒரே ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. அந்தச் சிலிண்டர் மூன்று லிட்டர் தண்ணீர் கொள்ளளவு உள்ளது. இரண்டு பேருக்கு எவ்வளவு நேரம் வரும்? பாதி வழியில் தீர்ந்தால் என்ன செய்வார்கள்?

பதில்: தக்கலை, ஓய்வுபெற்ற விமானப்படை டெக்னீஷியன்

கொள்ளளவை அழுத்தத்தால் பெருக்குங்கள், நீங்கள் பட்டறையில் தினமும் போடும் கணக்குத்தான். மூன்று லிட்டர், 135 கிலோ என்றால் ஏறத்தாழ 400 லிட்டர் ஆக்சிஜன். ஒருவருக்கு நிமிடத்துக்கு 1.3 லிட்டர், இருவருக்கு 2.6. நானூறை அதால் வகுத்தால் ஏறத்தாழ 150 நிமிடம், இரண்டரை மணி நேரம். அதில் கால் பங்கைக் கையிருப்பாக ஒதுக்கிவிட்டு, ஒரு மணி ஐம்பது நிமிடத்துக்குத் திட்டமிட்டால் போதுமான பாதுகாப்பு. அவர்கள் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் அந்த உயரத்தில் இருக்கப் போகிறார்கள் என்பதால் தாராளமாகப் போதும். குளிர்காலக் காலையில் கேஜ் குறைவாகக் காட்டினால் உடனே கசிவு என்று நினைக்க வேண்டாம். 20 டிகிரியில் நிரப்பிய சிலிண்டர் மைனஸ் 10 டிகிரியில் பத்து விழுக்காடு குறைவாகக் காட்டும்.

இதற்கும் சிக்கனமான சாதனங்கள் உண்டு. தொடர் ஓட்டத்தில், மூச்சை வெளியே விடும் நேரமெல்லாம் வரும் ஆக்சிஜன் வீணாகிறது. மூக்குக்குக் கீழே சிறு பை வைத்த குழாய், அந்த நேரத்தில் வருவதைச் சேர்த்துவைத்து அடுத்த மூச்சுக்குக் கொடுக்கும். செலவு பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறையும். மின்னணு வகை இன்னும் நுட்பமானது. மூச்சை இழுக்கத் தொடங்கும் அந்த மெல்லிய உறிஞ்சலை உணர்ந்து, அந்த முதல் கணத்தில் மட்டும் ஒரு சிறு துடிப்பாக ஆக்சிஜனை விடும். ஒரு மூச்சில் இழுக்கும் அரை லிட்டரில் கடைசி 150 மில்லிலிட்டர் தொண்டையிலும் மூச்சுக்குழாயிலுமே நின்று, நுரையீரலின் காற்றறைகளை எட்டாமல் திரும்பிவிடுகிறது. ஆகவே முதலில் கொடுப்பதே பயன்படும். அந்த வகையில் பேட்டரி தீர்ந்தால் ஆக்சிஜனும் நின்றுவிடும் என்பதால், தொடர் ஓட்டக் குழாய் ஒன்றைத் துணைக்கு வைத்திருப்பார்கள்.

தீர்ந்தால் செய்ய வேண்டியது ஒன்றுதான், இறங்குவது. அதற்காக எங்கே இறங்கலாம், எந்தப் பள்ளத்தாக்கு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதைத் தரையிலேயே வரைபடத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். மூளை தெளிவாக இருக்கும்போது எடுத்த முடிவை மேலே போய் மாற்றக் கூடாது. கிளம்பும் முன் கேஜ், ரெகுலேட்டர், குண்டு, இணைப்புகள், அவசர வழி என்று ஐந்தையும் கைவைத்துப் பார்க்கட்டும். சிலிண்டரின் கழுத்தில் கடைசி நீரழுத்தச் சோதனையின் மாதமும் ஆண்டும் பொறித்திருக்கும். சாதாரண எஃகுச் சிலிண்டருக்கு ஐந்தாண்டுக்கு ஒரு முறை, எடை குறைந்த 3எச்டி வகைக்கு மூன்றாண்டுக்கு ஒரு முறை. அதையும் படித்துவிடட்டும்.

பதில்: குளச்சல், இயற்பியல் ஆசிரியர்

பெரியவர் சொன்ன அந்த “மகிழ்ச்சி” பற்றி ஒரு பழைய நிகழ்வைச் சேர்க்க விரும்புகிறேன், ஏனென்றால் நான் பதினொன்றாம் வகுப்பில் அழுத்தம் பற்றி நடத்தும் ஒவ்வோர் ஆண்டும் இதைச் சொல்கிறேன். 1875 ஏப்ரல் 15 அன்று, செனித் என்ற பலூனில் மூன்று பிரெஞ்சுக்காரர்கள் 8,000 மீட்டருக்கு மேல் ஏறினார்கள். அவர்களிடம் பைகளில் ஆக்சிஜன் இருந்தது, குழாயும் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. அது போதாது என்று உடலியலாளர் போல் பேர் எழுதிய எச்சரிக்கைக் கடிதம் உரிய நேரத்தில் அவர்களுக்குப் பயன்படவில்லை. அளவு குறைவு என்பதால் தேவைப்படும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்திருந்தார்கள். உயிர் பிழைத்தவர் காஸ்தோன் திசாந்தியே ஒருவரே. வலியோ பயமோ இல்லை, உள்ளுக்குள் ஒரு மகிழ்ச்சிதான் இருந்தது என்றும், ஆக்சிஜன் குழாயைப் பிடிக்க நினைத்தபோது கையைத் தூக்க முடியவில்லை என்றும் அவர் பின்னர் பதிவு செய்தார். “தேவைப்படும்போது” என்ற அந்தத் திட்டம்தான் உங்கள் மகளுக்கும் சொல்லப்பட்டிருக்கிறது.

மார்த்தாண்டம் பட்டறை

நேற்று அவர்கள் போய்த் திரும்பிவிட்டார்கள். காத்திருந்த எல்லோருக்கும் தெரிவிக்க வேண்டும் என்று எழுதுகிறேன்.

கிளம்பும் முன் கேஜ் 1,850 பி.எஸ்.ஐ. காட்டியதாம். சிலிண்டரின் கழுத்தில் இருந்த சோதனைத் தேதியைப் படம் எடுத்து அனுப்பினாள், இன்னும் மூன்று ஆண்டு மிச்சம் இருக்கிறது. 10,000 அடியைத் தாண்டும்போதே இருவரும் குழாயை மாட்டிக்கொண்டார்கள். 13,000 அடியில் முதல் பத்து நிமிடத்தில் ஆக்சிமீட்டரில் அவளுக்கு 94, பயிற்சியாளருக்கு 93. அடுத்த முறை பார்த்தபோது அவளுக்கு அதே 94, பயிற்சியாளருக்கு 86. அவர் வழக்கம் போலப் பேசிக்கொண்டும் சிரித்துக்கொண்டும் இருந்திருக்கிறார், தனக்கு ஒன்றுமில்லை, விரல் குளிர்ந்திருக்கும் என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறார். இவள் அவருடைய ஓட்டமானியை எடுத்து நேராகப் பிடித்துப் பார்த்தாள். குண்டு அடியில் கிடந்தது. பின்னால் இருந்த வரைபடப் பையை எடுக்க அவர் இருக்கையை நகர்த்தியபோது, இருக்கைத் தண்டவாளத்துக்கும் தரைக்கும் நடுவே குழாய் நசுங்கியிருக்கிறது. இருக்கையை ஒரு பல் முன்னால் தள்ளியதும் குண்டு எழுந்து 13-க்கு வந்து நின்றது. மூன்று நிமிடத்தில் அவருடைய எண் 92 ஆனது.